விளையாட்டுப் பெட்டி சமைத்த குன்பேய் யோகோயி

நம் கல்லூரியில் விஞ்ஞானப் பட்டம் பெற்று வெளியேறும் இளைஞருள் ஒரு சாரார் ஆண்டுதோறும் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையிலும், திருவள்ளூரைச் சூழ்ந்துள்ள ஆலைகளிலும் யந்திரப் பராமரிப்புப் பகுதியிற் சென்று அமர்கின்றனர். காலை வேளையில் சென்னையினின்று கும்மிடிப்பூண்டிக்குச் செல்லும் மின்சார ரயிலில், டிபன் பெட்டியும் கையுமாய் நிற்கும் அவர்களைக் காணலாம். யந்திரம் ஓடுங்காறும் அவர்களை ஒருவரும் நினையார். அது நின்ற கணமே எல்லாருடைய கண்ணும் அவர்கள்மேல் விழும். படித்த படிப்பெல்லாம் எண்ணெய்த் துணியோடு போயிற்றே என்று அவர்களிற் சிலர் மனம் புழுங்குவதையும் நாம் அறிவோம். இத்தகைய உத்தியோகத்திலேயே தம் வாழ்வைத் தொடங்கிய ஜப்பானியர் ஒருவரின் சரிதத்தை ஈண்டு எழுதப் புகுகின்றோம். அவர் முன்னின்று சமைத்த கேம் பாய் என்னும் விளையாட்டுப் பெட்டி, அதன் வண்ணப் பெட்டியையும் சேர்த்து, பத்துக் கோடிக்கு மேல் விற்றது. அச்சிறு பெட்டிக்குள் படங்கள் எவ்வாறு அடக்கி வைக்கப்பட்டன என்பதையும் இடையே சற்று விரித்துரைப்போம். அவர்தம் அறிவின் போக்கு அவ்விடத்திற்றான் நன்கு விளங்கும்.

குன்பேய் யோகோயி 1941ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 10ஆம் நாள் கியோட்டோ நகரில் பிறந்தார். அந்நகரிலுள்ள தோஷிஷா சர்வகலாசாலையில் மின்னியல் பயின்றார். தோஷிஷா என்பது 1875இல் நியீஜிமா ஜோ என்னும் பெரியார், அமெரிக்கன் போர்டு என்னும் மிஷன் சங்கத்தாரின் துணைகொண்டு தொடங்கிய கல்விச்சாலை. அச்சங்கத்தாரே மதுரையில் அமெரிக்கன் கல்லூரியையும் ஸ்தாபித்தனர் என்பதை நம் வாசகர் நினைவுகூர்வர். ஆகவே நம் சரித்திர நாயகரும் ஒருவகையில் நம்மைப்போல் மிஷன் கல்லூரி மாணாக்கரே. எனினும் அவர் முதல் வரிசை மாணாக்கர் அல்லர். பெரிய மின்சாரக் கம்பெனிகளுக்கு விண்ணப்பம் போட்டும் இடம் கிடைக்கவில்லை. வீட்டுக்கு அருகில் இருந்தது என்னும் ஒரே காரணத்தால், 1965இல் நின்டெண்டோ என்னும் சீட்டுக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார்.

அக்கம்பெனியை இன்று உலகம் வேறுவிதமாக அறியும். அக்காலத்திலோ அது 1889இல் தொடங்கி, ஹனஃபுதா என்னும் பூப்படச் சீட்டுகளை அச்சிட்டு விற்றுவந்த ஒரு பழைய கியோட்டோ வியாபார ஸ்தாபனம். சீட்டு செய்யும் யந்திரங்களைப் பழுதுபாராது காப்பதே யோகோயிக்குக் கிடைத்த பணி. யந்திரங்கள் ஒழுங்காக ஓடின. எனவே அவருக்குப் பொழுது மிகுந்தது. கையைச் சும்மா வைத்திருக்க அறியாத அவர், ஆலையிலிருந்த கடைசல் யந்திரம் முதலியவற்றைக்கொண்டு தம் விளையாட்டுக்காகவே ஒரு பொறியைச் செய்தார். குறுக்கு நெடுக்காகக் கோத்த சட்டங்கள் நீண்டு குறுகித் தூரத்திலுள்ள பொருளைப் பற்றியெடுக்கும் இடுக்கி அது. ஆலையைப் பார்வையிட வந்த தலைவர் ஹிரோஷி யமவுச்சி அதைக் கண்டுவிட்டார். தம்மை அழைத்தபோது, வேலை நேரத்தில் விளையாடியதற்குக் கண்டனம் வருமென்றே யோகோயி எண்ணிச் சென்றார். வந்ததோ வேறு கட்டளை: அப்பொறியை விற்பனைப் பண்டமாக்க வேண்டும் என்பது. 1966இல் அல்ட்ரா ஹேண்ட் என்னும் பெயரோடு வெளிவந்த அது பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. பராமரிப்பாளர் பொம்மை சமைப்பவரானார்.

இவ்விடத்தில் யமவுச்சியையும் ஒருவாறு பாராட்டாதிருக்க இயலவில்லை. அவர் கடுமையானவர் என்றே பெயர் பெற்றவர். ஆயினும் ஊழியன் கையிலிருந்த விளையாட்டுப் பொருளைப் பறித்தெறியாமல், அதன் பயனைக் கண்ட கண் அவருக்கு இருந்தது. நம் பக்கத்து ஆலைகளில் அக்கண் எத்தனை பேருக்கு உண்டோ, நாம் சொல்லத் துணியோம்.

பின்னர் வந்த பொம்மைகள் பல. 1969இல் வந்த லவ் டெஸ்டர் என்பது, இருவர் கைகோத்து நிற்க, அவர்கள் உடல் வழியே சிறு மின்னோட்டம் சென்று முள்ளை அசைக்கும் பொறி. பௌதிக வகுப்பில் நாம் காணும் கால்வனாமீட்டரேயன்றி வேறன்று. சூரிய ஒளியால் மின்சாரம் உண்டாக்கும் செல்லை இலக்குப் பலகையில் வைத்து ஒளித் துப்பாக்கி விளையாட்டு ஒன்றும் அமைத்தார். இவற்றிலெல்லாம் ஒரு கொள்கை ஊடுருவி நிற்பதைக் காண்கிறோம். புதிதாய் வந்து விலையுயர்ந்து நிற்கும் நுட்பத்தை அவர் நாடுவதில்லை. எல்லாருக்கும் பழகி, குற்றங்குறைகள் தெரிந்து, விலை சரிந்து, உலகம் அலட்சியம் செய்யத் தொடங்கிய நுட்பத்தை எடுத்து, அதற்கு எவரும் நினையாத வேறொரு பயனைக் காண்பதே அவர் வழி. வாடிய நுட்பத்தைப் பக்கவாட்டில் சிந்தித்தல் என்று அதற்கு ஜப்பானியர் பெயரிட்டு வழங்குகின்றனர்.

அக்கொள்கையின் முதற் பெரும்பயன் 1980இல் வந்த கேம் அண்ட் வாட்ச். விரைவு ரயிலில் பிரயாணம் செய்த ஒருவர் பொழுது போகாமல் கணக்கிடும் சிறு யந்திரத்தின் பொத்தான்களை அழுத்திக்கொண்டிருந்ததைக் கண்டு யோகோயிக்கு இவ்வெண்ணம் பிறந்ததென்பர். கணக்கு யந்திரக் கம்பெனிகளின் போட்டியால் திரவப்படிகத் திரையின் விலை அப்போது மிகத் தாழ்ந்திருந்தது. அத்திரையிற் படம் எவ்வாறு இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். பந்தெறிபவனின் கை மேலிருக்கும் உரு ஒன்று, கீழிருக்கும் உரு ஒன்று என, வேண்டிய நிலையனைத்தும் கண்ணாடியிலேயே வார்ப்பாக அமைக்கப்பட்டிருந்தன. யந்திரம் அவற்றை ஒவ்வொன்றாகக் கறுப்பாக்கியும் மறைத்தும் காட்டும். ஆகவே படத்தை நினைவிற் சேமித்தல் என்பதே அங்கு இல்லை. ஒரு பெட்டிக்கு ஒரே விளையாட்டு. இவ்வரிசையில் 1982இல் வந்த டாங்கி காங் பெட்டிக்காக, இடக்கைப் பெருவிரலொன்றால் நான்கு திசையும் ஆளும் சிலுவை வடிவப் பொத்தானை யோகோயி அமைத்தார். அதன் பின் வந்த விளையாட்டுக் கருவிகளுள் அப்பொத்தானையோ அதன் சாயலையோ கொள்ளாதவை மிகச் சிலவே. கேம் அண்ட் வாட்ச் வரிசை முழுதும் நாலு கோடிக்கு மேல் விற்றது.

1983இல் அக்கம்பெனியின் மற்றொரு யந்திரவியலாரான மசயுகி உயெமுராவின் பொறுப்பில் ஃபாமிகாம் என்னும் பெட்டி வெளிவந்தது. டெலிவிஷனோடு இணைத்து ஆடும் அப்பெட்டியின் போலிகளே பிற்காலத்தில் நம் பர்மா பஜார் வழியாகத் தமிழ்நாட்டு வீடுகளுக்கு டி.வி. கேம் என்னும் பெயரோடு வந்தவை. அதிற் செருகும் பெட்டியைக் கேசட் என்றே நம் பிள்ளைகள் அழைத்தனர். யோகோயியின் கேம் பாய் 1989ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் ஜப்பானில் வெளிவந்தது. இதனை அவர் ஒருவரே செய்தார் என்பது பொருந்தாது. அவர் தலைமை வகித்த பகுதியில் சதோரு ஒகாதா என்பவர் யந்திர அமைப்பின் பெரும்பாரத்தைச் சுமந்தார். ஆயினும் பெட்டி எத்தன்மைத்தாக இருக்கவேண்டும் என்னும் தீர்மானத்தில் யோகோயியின் கொள்கை தெளிவாய்த் தெரிகின்றது.

இனிப் படம் அடங்கிய விதத்தைக் காண்போம். கேம் பாயின் திரை அகலத்தில் 160 புள்ளியும் உயரத்தில் 144 புள்ளியும் உடையது. ஆக 23,040 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் வெளிறியது முதல் கரியது வரை நான்கு சாயல்களுள் ஒன்றைக் கொள்ளும். நான்கில் ஒன்றைக் குறிக்க இரண்டு பிட் வேண்டும். எட்டுப் பிட் கொண்டது ஒரு பைட் ஆதலின், முழுத்திரையைப் புள்ளி புள்ளியாக எழுதிவைக்க 5,760 பைட் பிடிக்கும். டெட்ரிஸ் விளையாட்டின் கேசட் முழுவதும் 32,768 பைட்டுக்குள் அடங்கியது. அவ்வாறாயின் படங்களை முழுமுழுவதாக வைத்தால் ஐந்து படத்தோடு இடம் தீர்ந்துவிடும். விளையாட்டின் விதிகளுக்கும் இசைக்கும் இடமே இராது. மேலும், ஒவ்வோர் அசைவுக்கும் அத்தனை புள்ளிகளையும் மாற்றி எழுத அப்பெட்டியின் சிறிய மூளைக்கு வேகம் போதாது.

இதற்கு ஃபாமிகாம் முதலியவற்றிற் கண்ட உபாயத்தையே கேம் பாயும் கைக்கொண்டது. நம் வீட்டுப் பெண்டிர் வாசலில் இடும் கோலத்தை நினைமின். பெரிய கோலத்தை அவர்கள் ஒரே உருவாக மனத்தில் வைப்பதில்லை. புள்ளி வரிசையைச் சுற்றி வளையும் கோட்டுத் துண்டுகள் சிலவே. அவற்றையே திருப்பியும் அடுக்கியும் வாசலை நிறைத்துவிடுகின்றனர். அதுபோலவே, எட்டுப் புள்ளி அகலமும் எட்டுப் புள்ளி உயரமும் உடைய சிறு கட்டமே இப்பெட்டியில் படத்தின் அலகு. ஒரு கட்டத்தில் 64 புள்ளிகள்; புள்ளிக்கு இரண்டு பிட்டாக, கட்டத்துக்கு 16 பைட். செங்கற் சுவர் வேண்டுமா? ஒரு செங்கற் கட்டத்தை ஒருமுறை எழுதிவைத்தாற் போதும். திரையின் இன்ன இடத்தில் இன்ன எண்ணுள்ள கட்டத்தை வை என்னும் பட்டியலே மீதி வேலையைச் செய்துவிடும். திரைக்கு அகலத்தில் 20 கட்டம், உயரத்தில் 18 கட்டம். ஆக 360 எண்களைக் கொண்ட பட்டியல். எண்ணுக்கு ஒரு பைட் எனில், 5,760 பைட் பிடித்த இடத்தில் 360 பைட்டும் சில கட்டங்களுமே போதுமானவையாயின.

பெட்டியின் பட நினைவில் மொத்தம் 8,192 பைட் உண்டு. அதில் 384 கட்டங்கள் 6,144 பைட்டை நிரப்பும். நெடுக்கில் 32, குறுக்கில் 32 என அமைந்த பட்டியல்கள் இரண்டு, ஒவ்வொன்றும் 1,024 பைட்டாக மீதமுள்ள 2,048ஐ நிரப்பும். கணக்கு ஒரு பைட்டும் மிகாமல் குறையாமல் நேர்படுவதைக் காண்க. பட்டியல் திரையைவிடப் பெரிதாய் இருப்பதும் காரணத்தோடுதான். பெரிய படத்தின்மேல் சிறு சன்னல் நகர்வதுபோலத் திரை நகரும்; வீரன் வலப்புறம் ஓடுங்கால், கண்ணுக்கு மறைந்த ஓரத்தில் மட்டும் புதிய எண்களை எழுதிக்கொண்டே போனாற் போதும்.

நிற்க. கோலத்தை இங்ஙனம் கட்டக் கணக்காக நோக்கியது வெறும் உவமை அன்று. தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியரும் 1988இல் மறைந்தவருமான கிஃப்ட் சிரோமணியும், ராணி சிரோமணி, கமலா கிரிதிவாசன் என்னும் அறிஞரும் சேர்ந்து, கோலங்களைச் சதுரக் கட்ட அணிகளின் இலக்கணத்தால் பிறப்பிக்கலாம் என்பதை 1974இல் ஆராய்ச்சிக் கட்டுரையாக வெளியிட்டனர். தறியை அறிந்தவருக்கும் இது புதிதன்று. நம் ஜில்லாவில் பொதட்டூர்ப்பேட்டை, அம்மையார்குப்பம் ஆகிய ஊர்களின் தறியோசையைக் கேளாதார் யார்? காஞ்சிபுரத்திலும் ஆரணியிலும் சேலைக் கரையின் அன்னப்பட்சியை முதலில் கிராப் தாளில் கட்டம் கட்டமாக நிரப்பி, பின் துளையிட்ட அட்டைகளாக்கி ஜக்கார்டு பெட்டியில் ஏற்றுவர். யோகோயி பிறந்த கியோட்டோவும் நிஷிஜின் பட்டுக்குப் பேர்போன நெசவு நகரே. டச்சுக்காரர் பழவேற்காட்டிலிருந்து ஆண்ட காலத்தில் சோழமண்டலக் கரையின் கோடிட்ட துணிகள் ஜப்பானுக்குச் சென்றன. சாந்தோமின் பெயராலேயே ஜப்பானியர் அத்துணியைச் சாந்தோமே என்று வழங்கினர்.

ஒரு கட்டத்தின் 16 பைட்டில் புள்ளிகள் உறையும் விதம் இன்னும் சுவையானது. புள்ளியின் இரண்டு பிட்டும் அருகருகே இல்லை. கட்டத்தின் ஒவ்வொரு வரிக்கும் இரண்டு பைட்; முதற் பைட்டில் எட்டுப் புள்ளிகளின் சிறிய பிட்டும், இரண்டாம் பைட்டில் அவற்றின் பெரிய பிட்டும் நிற்கும். உதாரணமாக ஒரு வரிக்கு 60, 126 என்னும் இரு எண்கள் இருப்பதாகக் கொள்வோம். 60ஐ இரும முறையில் எழுதின் 0, 0, 1, 1, 1, 1, 0, 0 ஆகும்; 126ஐ எழுதின் 0, 1, 1, 1, 1, 1, 1, 0 ஆகும். ஒன்றின்மேல் ஒன்றை வைத்து, இரண்டாவதை இரட்டித்து முதலாவதோடு கூட்டுக. கிடைப்பது 0, 2, 3, 3, 3, 3, 2, 0. அஃதாவது ஓரத்தில் வெளிறி, அடுத்து நிழலாகி, நடுவே கறுத்து நிற்கும் ஒரு கோடு. இரண்டு மெல்லிய தாள்களில் அரையரையாக வரைந்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்திற் பார்ப்பதை ஒக்கும் இது. ஆர்வமுள்ள மாணவர் கிராப் தாளை எடுத்துத் தாமே ஒரு கட்டம் எழுதிப் பார்ப்பாராக. அரைமணியில் கை பழகிவிடும்.

பழைய கேசட்டுகளின் உள்ளடக்கத்தைக் கணிப்பொறியில் ஏற்றி ஆராய்வோர் இன்று உலகெங்கும் உளர். எண்களை 16, 16 ஆகப் பிரித்து மேற்கூறிய விதிப்படி வரைந்தால், எழுத்துகளும் மரங்களும் பகைவரும் வரிசையாகத் தோன்றுவர். விதி சிறிது பிழைத்தாலும் தோன்றுவது மணல் வாரி இறைத்ததுபோன்ற குழப்பமே. ஃபாமிகாமிலும் கட்டத்துக்கு 16 பைட்டுத்தான். ஆயினும் அதில் முதல் தாளின் எட்டு வரியும் முடிந்த பின்னரே இரண்டாம் தாள் தொடங்கும். கேம் பாயிலோ வரிக்கு வரி இரண்டும் மாறிமாறி வரும். ஒன்றன் விதியால் மற்றதை வாசித்தால் உருவம் சிதைந்துவிடும். இன்னும் சில விளையாட்டுகளில் இடமிச்சம் கருதிப் படங்களைச் சுருக்கி மறைத்திருப்பர். அவற்றை விரிக்கும் வழியை விளையாட்டின் கட்டளைகளினூடே தேடிக் காணவேண்டும். கல்வெட்டு வாசிப்போர்க்கு உள்ள பொறுமை இவர்களுக்கும் வேண்டும் என்பது நம் எண்ணம்.

கட்டத்தில் எழுதியிருப்பது சாயல் அன்று, எண்ணே. எந்த எண்ணுக்கு எந்தச் சாயல் என்பதைத் தனியே ஒரு பைட் தீர்மானிக்கும். அதனால் அவ்வொரு பைட்டை மாற்றிய மாத்திரத்தில் திரை முழுதும் இருண்டுபோகும். பொழுது சாய்ந்ததுபோல் தோன்றும் காட்சிகளின் இரகசியம் இதுவே. ஃபாமிகாமில் 1985இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் விளையாட்டை ஆடியோர் பலர் உளர். அதில் வானத்து மேகமும் தரையிலுள்ள புதரும் ஒரே கட்டங்களால் ஆனவை. வண்ணம் மட்டுமே வேறு. இதனை அறியாமலே எத்தனை பிள்ளைகள் அதை ஆடியிருப்பர்! ஓடியாடும் உருக்களுக்குக் கேம் பாயில் வேறு ஏற்பாடு உண்டு. அத்தகைய கட்டங்கள் ஒரு வேளையில் 40. ஒரு கிடைவரியில் பத்துக்கு மேல் தோன்றா. இடப்புறம் பார்க்கும் வீரனை வலப்புறம் திருப்ப வேறு படம் வேண்டாம். கண்ணாடியிற்போல் புரட்டிக் காட்ட ஒரு பிட் போதும்.

நான்கு சாயல், பின்னொளி இல்லாத பசுமஞ்சள் திரை, பழைய வகைச் சில்லு: இவற்றைக் கண்டு நகைத்தவர் அக்காலத்தில் பலர். போட்டிக் கம்பெனிகள் வாளாவிருக்கவில்லை. 1989இல் அடாரியின் லிங்க்ஸும், 1990இல் சேகாவின் கேம் கியரும் ஒளிவீசும் வண்ணத்திரையோடு வந்தன. ஆனால் அவை ஆறு பாட்டரிகளைச் சில மணி நேரத்தில் தின்று தீர்த்தன. கேம் பாய் நான்கு பாட்டரிகளில் பத்து மணிக்கு மேலும் ஓடியது. பாட்டரிக்குக் காசு தரவேண்டியவர் பெற்றோர் என்பதை யோகோயி மறக்கவில்லை. விலையும் குறைவு, கீழே விழுந்தாலும் எளிதில் கெடாது. மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் என்பார் படைத்த டெட்ரிஸ் இப்பெட்டிக்கென்றே பிறந்ததுபோல் பொருந்தியது. விழும் துண்டுகளும் சதுரங்கள், திரையும் சதுரங்கள்!

இதே மனிதர் தோற்ற கதையையும் மறைக்காமற் சொல்லவேண்டும். 1995 ஜூலையில் அவர் பொறுப்பில் வெர்ச்சுவல் பாய் வெளிவந்தது. மேசைமேல் நிறுத்தி, முகத்தைப் பொருத்தி, இரு கண்ணுக்கும் வெவ்வேறு படம் காட்டி ஆழத்தைத் தோற்றுவிக்கும் கருவி அது. மலிவும் மின் சிக்கனமும் கருதிச் செந்நிற ஒளிப் புள்ளிகளையே தேர்ந்தார். கறுப்பின்மேல் சிவப்பன்றி வேறு நிறமில்லை. அங்கும் படத்தின் அலகு எட்டுக்கு எட்டுக் கட்டமே. ஆயினும் ஆடியோர் கண் நோகிறது, தலை வலிக்கிறது என்றனர். எட்டு லட்சமும் விற்காமல், ஓராண்டுக்குள் விற்பனை நின்றது. வாடிய நுட்பம் எங்கும் பூக்கும் என்பது விதி அன்று. கையிலேந்திச் செல்வதற்காகப் பிறந்த அவர் கொள்கை, மேசையில் கட்டுண்ட பொருளில் தன் வலியை இழந்தது என்பதே நம் கருத்து.

1996 ஆகஸ்டில் முப்பத்தோராண்டு ஊழியத்தை விட்டு யோகோயி விலகினார். தோல்வியே காரணம் என்று பலர் எழுதினர். தனித்துத் தொழில் செய்யும் எண்ணம் தமக்கு முன்னரே இருந்ததென்பது அவர் கூற்று. கியோட்டோவிலேயே கோட்டோ என்னும் சிறு ஸ்தாபனத்தைத் தொடங்கி, பண்டாய் கம்பெனிக்காகப் புதிய கைப்பெட்டி ஒன்றை அமைக்கும் வேலையில் இறங்கினார். 1997ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 4ஆம் நாள், இஷிகாவா மாகாணத்தில் ஹொக்குரிகு நெடுஞ்சாலையில் அவர் சென்ற மோட்டார் வண்டி முன்சென்ற லாரியில் மோதியது. சேதத்தைப் பார்க்க இறங்கினார். பின்வந்த வேறொரு வண்டி அவர்மேல் மோதிற்று. அப்போது அவருக்கு வயது 56.

அவர் தொடங்கிய பெட்டி வொண்டர்ஸ்வான் என்னும் பெயரோடு 1999 மார்ச்சில் வெளிவந்தது. அது ஒரே ஒரு பாட்டரியில் 30 மணி நேரம் ஓடிற்று. அதனுடன் வந்த விளையாட்டு ஒன்றுக்கு அவர் நினைவாகக் குன்பேய் என்றே பெயரிட்டனர். சாய்ந்த கோட்டுத் துண்டு ஒவ்வொன்றைத் தாங்கிய கட்டங்கள் கீழிருந்து எழுந்து வரும். அவற்றை மேலும் கீழும் மாற்றி, இட ஓரத்திலிருந்து வல ஓரம்வரை அறுபடாத ஒரு கோடாக இணைக்கவேண்டும்.